வெள்ளைத்துரையின் தொடைக் கிளட்ச்

வெள்ளைத்துரை யாரையும் நம்பமாட்டார். இரண்டு காலும் இருந்த காலத்திலேயே கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு செருப்பைப் பந்தலின் இந்த மூலையிலும் மற்றதை அந்த மூலையிலும் கழற்றிப் போடுகிற ஆள். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வயல்களுக்கு நடுவே வீடு. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார். இடது பக்கம் ஸ்டியரிங், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மாட்டுவண்டியே புதைகிற மழைக்காலச் சேற்றில் அது உறுமிக்கொண்டு போய்விடும். உரமூட்டை, பம்புசெட்டு, வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் அதில்தான் போகும். அவருக்குச் சோறும் அதுதான், மரியாதையும் அதுதான்.

எழுபத்தெட்டாம் வருசம் கரும்பு லாரி ஒன்று பின்னால் நகர்ந்தபோது அவருடைய இடது கால் அகப்பட்டுக்கொண்டது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்த கால என்ன பண்ணுனீங்க?" என்பதுதான்.

மனைவி சின்னத்தாயின் அண்ணன் காசிமாயன் ஒரு யோசனை சொன்னார். "ஜீப்ப என்கிட்ட விட்டுருங்க மாப்ள. நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க." நல்ல மனதோடுதான் சொன்னார். வெள்ளைத்துரைக்கு அது கால் போனதைவிட அதிகமாக வலித்தது. ஓட்டினால் நான் ஓட்டவேண்டும், இல்லையென்றால் அது மாட்டுத் தொழுவத்திலேயே துருப்பிடிக்கட்டும் என்றார்.

மதுரை முனிச்சாலையில் இருந்த சிஹாபுதீன் பாயின் பட்டறைக்கு வண்டி வந்தது அப்படித்தான். அடுத்த கடை என்னுடையது. நான் மருது, வண்டிகளுக்குச் சீட்டு தைப்பவன். இடது காலால் மிதிக்கிற கிளட்சை வேறு எதனால் மிதிப்பது என்று பாய் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். மூன்றாவது கைக்கு எங்கே போவது? கடைசியில் அவர் கண் வெள்ளைத்துரைக்கு மிச்சமிருந்த இடது தொடையில் நின்றது. தொடைக்கு அடியில் ஒரு பலகை. தொடையால் அழுத்தினால் கம்பி இழுத்துக் கிளட்ச் இறங்கும். பலகைக்கு மெத்தை தைத்தது நான்.

வெள்ளைத்துரை தினமும் முதல் பஸ்ஸில் வந்து, கக்கத்துக் கட்டையைச் சாய்த்துவைத்துப் பட்டறை வாசலில் உட்கார்ந்துகொள்வார். பாய் ஒரு நட்டைக் கழற்றினால் அதன்மேலேயே கண் இருக்கும். "அமெரிக்கா நட்டு பாய். மாத்திறாதீங்க." நான் தேங்காய் நாருக்குப் பதில் வைக்கோலைத் திணித்துவிட்டேன் என்று சொல்லி மெத்தையைப் பிரித்து மோந்து பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்! "அப்ப நீங்களே தைச்சுக்கங்கண்ணே" என்று ஊசியை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஊசியையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

சாயங்காலம் ஊருக்குக் கிளம்புமுன் டயரிலிருந்து தரைவரை சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பார். டேங்கில் குச்சி விட்டுப் பெட்ரோலைப் பார்ப்பார். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் தரையில் இருந்த கோடு ஒரு பக்கம், டயரில் இருந்த கோடு ஒரு பக்கம். பெட்ரோல் இறங்கியிருந்தது. டயர் இடுக்கில் ஈரக் களிமண்.

"பாய், வண்டிய யாரு எடுத்தா?"

பாய் தலையை நிமிர்த்தவில்லை. "வேல முடியட்டும்ணே, சொல்றேன்."

சந்தேகக்காரனுக்கு இதைவிடக் கெட்ட பதிலைச் சொல்ல முடியாது. மறுநாளும் கோடு விலகியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் சோறு கொண்டுவந்த சின்னத்தாய், ஜீப்புக்குப் பின்னால் நின்று பாயிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரையைக் கண்டதும் பேச்சு நின்றது. போதாதா? பாயும் காசிமாயனும் கூட்டு, அதற்குத் தன் பெண்டாட்டியே தூது. வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறார்கள். தன்னால் ஓட்ட முடியாதபடி கிளட்சை அமைத்துவிட்டுக் கடைசியில் காசிமாயனுக்கே தள்ளிவிடப் போகிறார்கள். அவர் முடிவு கட்டிவிட்டார்.

"வேலியே பயிர மேயுது மருது" என்றார்.

சந்தேகம் சிரங்கு மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்ளும். நானும் பாயை ஒருமாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். நன்றாக இருந்த மனுசன் ஏன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார்? கேட்டால் வாயு என்கிறார். சின்னத்தாய் வந்தால் ஏன் என்னைக்கூட டீ வாங்கிவர அனுப்புகிறார்?

வேலை முடிந்தது என்று பாய் சொன்ன அன்று காலையில் வெள்ளைத்துரை வண்டியைத் தொடவே இல்லை.

"மொதல்ல சத்தியம் பண்ணணும் பாய். அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசல்ல நின்னு, என் வண்டிய எவனுக்கும் விடலனு சொல்லணும்."

எங்கள் பக்கம் கோர்ட்டில் தீராத வழக்கும் அந்த வாசலில் தீர்ந்துவிடும். சாத்திய கதவுக்கு முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். பொய் சொன்னவனுக்குக் கையோ காலோ விளங்காது. பொய்ப்பழி போட்டவனுக்கும் அதே கூலி என்பார்கள். "அவரப் போய் அங்க கூப்பிடலாமாண்ணே?" என்று நான் சத்தம் போட்டேன்.

பாய் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தார். "வாரேண்ணே. பொய் சொல்லாதவனுக்கு எந்த வாசலா இருந்தா என்ன? ஆனா பஸ்ல வரமாட்டேன். நீங்க ஓட்டிக் கூட்டிட்டுப் போங்க."

வெள்ளைத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். கூடவே பாய், சாட்சிக்கு நான், பின்னால், அன்றைக்கு அவரோடு வந்திருந்த சின்னத்தாய். வண்டி முதலில் துள்ளி நின்றது. "பாத்தியா, கெடுத்து வச்சிருக்கான்" என்றார் என்னிடம். மறுபடி தொடையை அழுத்தினார், மெதுவாக விட்டார். நகர்ந்தது. கோரிப்பாளையத்தில் திட்டிக்கொண்டே ஓட்டினார். புதூர் தாண்டியதும் திட்டு குறைந்தது. அப்பன்திருப்பதிக்கு அப்பால் பாலத்து வேலை, வண்டிகளை வயல் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு லாரி அச்சுவரை புதைந்து கிடந்தது. வெள்ளைத்துரை நிறுத்தி, முன்சக்கரத்தை இழுக்கவைக்கும் சின்ன லீவரைப் போட்டார். தொடை இறங்கியது, ஏறியது. ஜீப் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேடேறியது. லாரிக்காரன் வாயைப் பிளந்து பார்த்தான். வெள்ளைத்துரையின் முகத்தில் சிரிப்பு வந்தது, எங்களைக் கண்டதும் அதை உள்ளே தள்ளிக்கொண்டார்.

கருப்பன் வாசலில் பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். "யாருப்பா சத்தியம் பண்றது?"

பாய் முன்னால் போனார். "வண்டிய நான் எவனுக்கும் விடல."

"அப்ப ஓட்டுனது யாரு? அதச் சொல்லு!"

"நாந்தாண்ணே."

"கேட்டியா மருது! அவன் வாயாலயே வந்துருச்சு!"

பாய் தோள் துண்டை எடுத்தார். இடது காலை மடக்கி, குதிகால் தொடையோடு ஒட்டும்படி இறுக்கிக் கட்டினார். கைலி விலகிய இடத்தில் தொடையைச் சுற்றிக் கன்றிக் கறுத்த தழும்பு. ஒற்றைக்காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்படிக் கட்டிக்கிட்டுத்தான் ஓட்டுனேன். காலைத் தொழுகை முடிச்சு வாய்க்கா ரோட்டுல. மொத தடவ கம்பி அறுந்து வண்டி வாய்க்காலுக்கு எறங்கிருச்சு. நான் கட்ட அவுத்துட்டு பிரேக்கும் கிளட்சும் சேத்து மிதிச்சுத் தப்பிச்சேன். நீங்க எத அவுப்பீங்க?"

வெள்ளைத்துரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றார் சின்னத்தாய். "ரெண்டு காலு இருக்கவன் நொண்டி மாதிரி நடிக்கிறான்னு தெரிஞ்சா வண்டியவே கொளுத்திருப்பீங்க. உங்க தொடை எம்புட்டு நீளம், எங்க தொட்டா வலிக்கும்னு பாய் கேட்டாரு. நான்தான் சொன்னேன்."

பாயைச் சந்தேகப்பட்ட என் கண்ணை நோண்டிப் போடலாம் என்று இருந்தது. பாய் கட்டை அவிழ்த்துவிட்டு, சூடத்தை அணைக்கக் கையை நீட்டினார்.

"எடுங்க பாய் கைய" என்று வெள்ளைத்துரை அதட்டினார். கக்கத்துக் கட்டையை ஊன்றித் தட்டுக்கு எதிரே வந்து நின்றார். பொய்ப்பழிக்கு என்ன கூலி என்று அவருக்குத் தெரியும்.

"கருப்பா, இந்த மனுசன் மேல குத்தமில்ல. இனிமே நான் இவர சந்தேகப்பட்டா மிச்சமிருக்க காலையும் நீயே எடுத்துக்க."

ஓங்கிச் சூடத்தின்மேல் அடித்தார்.