வாசலில் தொங்கிய வெள்ளைப் பூக்கள்

சைகோனுக்குக் குடிவந்த பிறகு வந்த முதல் தீபாவளி அது. ஆறு மாதமாகியும் எங்கள் மாடியில் யாரோடும் பழக்கமில்லை. சிரிக்கத் தெரியாத ஜனங்கள் என்று தங்கையிடம் போனில் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோலோன் சந்தைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் வெள்ளைக் காகிதம் வாங்கிவந்து, இரண்டு நாள் உட்கார்ந்து பூக்கள் செய்தேன். அவற்றை மாலையாகக் கட்டி வாசல் கதவைச் சுற்றித் தொங்கவிட்டேன்.

அன்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஊதுபத்திக் கட்டும் பழத்தட்டுமாக நின்றார். பின்னால் இன்னும் நான்கு பெண்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா தவறிட்டாங்க? உன் வீட்டுக்காரரா?"

அந்த நேரம் பார்த்து என் கணவர் தலையைத் துவட்டியபடி உள்ளிருந்து வந்தார். "யாரு வந்திருக்காங்க?" என்றார்.

இங்கே வாசலில் வெள்ளைப் பூ என்றால் சாவு வீடு என்று அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் வீட்டிலிருந்து சிவப்புக் காகிதம் எடுத்துவந்தார். எல்லோருமாகத் தரையில் உட்கார்ந்து புதுப் பூக்கள் வெட்டினோம்.

அவர் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் நான் போயிருப்பேனா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்றுவரை இருந்த நான் போயிருக்க மாட்டேன்.