முயல் மட்டும் தூங்கியது

முயல்குட்டி ஒன்று முதன்முறையாகச் சிநேகிதன் வீட்டில் தங்கப் போகிறது. ஒரு தலையணை, பல் துலக்க ஒரு பிரஷ், அவ்வளவுதான் அதன் சாமான். முதலில் அழுகிறது, பிறகு தூங்கிவிடுகிறது. ஓரமெல்லாம் கிழிந்த இந்தப் படக்கதையை நேற்று என் மகளுக்கு வாசித்தேன். நாளை அவளும் தோழி வீட்டில் தங்கப் போகிறாள். "இவ்ளோதானாப்பா கதை?" என்றாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

அப்போது எனக்கு ஆறு வயது. மலேசியாவில் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேர். ஈப்போவில் பெரியம்மா வீட்டில் பிள்ளையே கிடையாது. மின்விசிறி மட்டும் மூன்று. "ஒரு ராத்திரி தங்கிட்டு வாய்யா" என்று அம்மா அனுப்பினார். ஒரு ராத்திரிக்கு என் உடுப்பு அத்தனையையும் பையில் அடுக்கி, அடியில் என் சூராட் பெரானாவையும் வைத்தார். அந்தப் பிறப்புப் பத்திரம் பெட்டியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. ஈப்போவில் ஒருவர் வீட்டில் படுக்க இதையெல்லாம் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பட்டணம் அல்லவா!

பெரியம்மா எனக்கென்று புதுத் தலையணையும் இந்த முயல் புத்தகமும் வாங்கி வைத்திருந்தார். ஆங்கிலப் புத்தகம். படத்தைக் காட்டித் தமிழில் கதை சொன்னார். முயல் அழும் பக்கத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

"பெரியம்மா, வீட்டுக்குப் போலாம்."

"அடுத்த பக்கத்துல முயலு தூங்கிரும்டா, பாரேன்."

"அது தூங்கட்டும். நான் போறேன்."

பிறகு உத்திகளில் இறங்கினேன். வயிறு வலிக்கிறது என்றேன். ஓமத் தண்ணீர் வந்தது. மெத்தையை நனைத்துவிடுவேன் என்று மிரட்டினேன். "நனைச்சா என்னய்யா, தொவைச்சா போச்சு" என்று மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். குளியலறைக்கு நாலு தடவை, வாசலுக்கு ஆறு தடவை நடந்தேன். செருப்போடு கட்டிலில் படுத்தேன். எதுவும் பலிக்கவில்லை. கடைசியாக, "உங்க வீடு நாறுது" என்றேன். பொய். வீடு பவுடர் வாசமாக இருந்தது.

பெரியம்மா புத்தகத்தை மூடினார்.

"காடிய எடுங்க" என்றார் பெரியப்பாவிடம். "பிள்ளைய அவங்கம்மாகிட்டயே குடுத்துட்டு வந்துருங்க."

"நாளைக்கு ஸ்கூல்ல பேரு பதியணுமேலா?"

"வேணாங்க."

யார் பெயரை, எந்தப் பள்ளியில் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. காடியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா என் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்து, அதில் புத்தகத்தையும் செருகினார்.

அந்நேரத்துக்கும் அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். முதுகில் ரெண்டு விழும் என்று குனிந்து நின்றேன். விழவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையைத் துழாவி, சூராட் பெரானாவை எடுத்து மாரோடு பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் அழுதார். ஒரு காகிதம் திரும்பி வந்ததற்கா இவ்வளவு என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

பெரியப்பாவுக்குக் கோப்பி கலக்கி வைத்தார்கள். "அவ அங்க தனியா இருப்பா" என்று தொடாமலே கிளம்பினார்.

ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு முழுக் கோப்பைக் கோப்பி ஒரே ஆளுக்கு வாய்ப்பது லேசில்லை. பட்டணத்தையே ஜெயித்து வந்தவன் என்ற தோரணையில், அதையும் நானே குடித்தேன்.