நம்ம ஸ்டேஷன்

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜாக வந்தது. அனுப்பியவன் பசறை ஸ்டாண்டில் அண்ணனோடு ஆட்டோ ஓட்டுகிறவன்.

"தங்கச்சி, பதட்டப்படாத. ஒங்கண்ணன தூக்கிட்டாங்க. சிவில் உடுப்புல மூணு பேரு, வேன்ல வந்தானுங்க. ஹயருக்கு ஏறின ஆளு பேக்க பின் சீட்ல போட்டுட்டு குதிச்சி ஓடிட்டான். பேக்குல போதைத் தூள் இருந்திச்சாம்."

பதட்டப்படாத என்று ஆரம்பிக்கிற எதையும் பதட்டப்படாமல் கேட்க முடியாது. திருப்பி ஃபோன் எடுத்து எந்தப் பொலிஸ் என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை என்றான். வேன் என்ன கலர் என்று கேட்டேன். இந்த நாட்டில் வேனின் கலரை எதற்காகக் கேட்பார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

"வெள்ள இல்ல. சாம்பல்."

வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததில்லை; இது வேறே. ஆனாலும் என் பயம் அடி உதையோடு முடிகிற பயம் இல்லை. அண்ணனுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும். ஸ்டாண்டில் சிங்களப் பையன்களையே சிங்களத்தில் கலாய்த்துவிட்டு வருவான். ஆனால் வாசிக்க ஓர் எழுத்துத் தெரியாது. அவன் பேசுவதைக் கேட்கிற எவனும் அதை நம்பமாட்டான், அவனும் வாய் திறந்து சொல்லமாட்டான். ஆட்டோவுக்கு லீசிங் போட்ட அன்று பக்கத்தில் இருந்து பார்த்தேன்: தாளைக் கண்ணால் மேலிருந்து கீழே தடவிவிட்டு, எல்லாம் புரிந்த ஆள் மாதிரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டான். பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினாலும் அதையேதான் செய்வான். அதில் பேக் அவனுடையது என்று இருந்தால், அவனுடையதுதான்.

கேம்பஸ் லீவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், இருந்த நேரம் அது. அப்பா வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் தோட்டத்துத் தலைவர், யூனியன்காரர். அவர் இல்லாமல் எங்கள் ஆட்கள் பொலிஸ் வாசலை மிதிக்கமாட்டார்கள்.

"எங்கப்பா போறோம்?"

"வேற எங்க? நம்ம ஸ்டேஷனுக்கு."

இந்த 'நம்ம ஸ்டேஷன்' டவுன் ஆட்களுக்கு விளங்காது. எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன், நாங்கள் மேக்கணக்கு, கீக்கணக்கு என்போம். எங்கள் லயம் இருக்கிற மேக்கணக்கு ஒரு பொலிஸுக்கு, கீக்கணக்கு இன்னொரு பொலிஸுக்கு. நடுவில் ஓடுகிற ஓடைதான் எல்லை. ஓடையில் வைத்து அடித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வரமாட்டார்கள். முந்தி மொத்த மலைக்கும் ஒரே ஸ்டேஷன்தானாம். அதற்கும் முந்தி தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைதான் பொலிஸ், அவர்தான் கோர்ட். டவுனில் பிடிபட்ட ஆளைக்கூட எந்தத் தோட்டம் என்று கேட்டு, தொரைக்குச் சொல்லி அனுப்பி, தோட்டத்துக்கே திருப்பிவிடுவார்களாம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் எங்கே பேர் இருக்கிறதோ, அந்த இடத்துக்கு ஆள் சொந்தம். அந்தத் தொரைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த நினைப்பு மட்டும் லயத்தில் இருக்கிறது: எங்கே பிடித்தாலும் கடைசியில் நம்ம ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுவருவார்கள்.

எனக்கு அப்போதே சந்தேகம். "பிடிச்ச எடத்துலதானே வச்சிருப்பாங்க?" என்றேன்.

"படிச்ச புள்ளைங்க எல்லாத்தையும் ஃபோன்ல பாத்துட்டுப் பேசுதுங்க," என்றார் தலைவர். "நம்ம ஓஐசி என்னய மதிப்பாரு பாப்பா. பேசாம வா."

நானும் பேசாமல் போனேன். உண்மையில் எனக்கும் சரியாகத் தெரியாது.

மேக்கணக்கு ஸ்டேஷனில் அண்ணன் இல்லை. ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓஐசியும் வெளியே போயிருந்தார். வருவார் என்று சொல்லி அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். உள்ளே எங்கேயோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. அப்பா எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னும் கொண்டு வரலயே," என்று அப்பா மறுபடி மறுபடி சொன்னார். வெயில் பெஞ்சைத் தாண்டிப் போய்விட்டது. அந்த நேரமெல்லாம் எங்கேயோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், அண்ணன் தலையாட்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் எனக்கு ஓடியது.

கடைசியில் நானே எழுந்துபோய், பெண்கள் சிறுவர் பிரிவு மேசையில் இருந்த பெண் கான்ஸ்டபிளிடம் சிங்களத்தில் கேட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டாள்.

"சாம்பல் வேனா? அது எங்க ஆட்கள் இல்ல நங்கி. எந்த ஸ்டேஷனுக்கும் சேராத டீம். மேலிடத்துக்கு நேரடியா வேலை செய்றவங்க. யாரையும் இங்க கொண்டு வரமாட்டாங்க. பதுளைக்குப் போங்க."

மேலிடம் என்றால் என்ன என்று பஸ்ஸில் தலைவர் விளக்கினார். ஸ்டேஷனுக்கு ஓஐசி, பல ஸ்டேஷனுக்கு ஒரு ஏஎஸ்பி, பதுளை மாவட்டத்துக்கு ஒரு பெரிய ஐயா, முழு ஊவா மாகாணத்துக்கும் அவருக்கு மேல் ஒருவர். ஒவ்வொரு படி ஏறும்போதும் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசிப் படிக்கு வந்ததும், "அங்க எனக்கு யாரையும் தெரியாது பாப்பா," என்றார். வளைவுகளில் அப்பா முன் சீட்டுக் கம்பியை விடவே இல்லை.

பதுளையில் விசாரித்து விசாரித்து அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். போர்டு கூட இல்லை. உள் அறைக் கதவு திறந்திருந்தது; அண்ணன் நாற்காலியில் இருந்தான். ஒரு கன்னம் சிவந்திருந்தது. எதிரில் ஓர் அதிகாரி; அண்ணன் முன்னால் தாள்கள், கையில் பேனா. முதல் பக்கத்தின் அடியில் அவன் கையெழுத்து விழுந்திருந்தது.

யோசிக்கவில்லை. வாசலில் நின்றே சிங்களத்தில் சொன்னேன். "சேர், அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடி வாங்கியபோதுகூட அவன் அப்படிக் கூனிக் குறுகியிருக்கமாட்டான்.

"என்ன பகிடியா?" என்றார் அந்த அதிகாரி. "காலையிலிருந்து என்கூட நல்லாப் பேசினான்."

"பேசுவார் சேர். வாசிக்க வராது. அவரையே கேளுங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். என்னையும் சேர்த்து உள்ளே தள்ளிப் பூட்டப்போகிறார் என்றே நினைத்தேன். பின்னால் அப்பா, "மன்னிச்சிக்கங்க சார், சின்னப் புள்ள" என்று தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி மேசையில் போட்டார். பிறகு சத்தம் போட்டு ஒருவரைக் கூப்பிட்டார். தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள் வந்து, நின்றபடியே வாசித்துச் சொன்னார். முதல் பக்கம் சரி. இரண்டாவது பக்கத்தில், 'பேக் என் இருக்கைக்குக் கீழே இருந்தது' என்று வந்தது.

"பின் சீட்டு," என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல். "அந்தாளு ஒக்காந்த எடம். நான் அப்புடித்தான் சொன்னேன்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து அவனைப் பார்த்தார். பிறகு அந்த வரியை வெட்டி, மேலே எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தார். "எனக்கு நாள் முழுக்க இதே வேலை," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கோர்ட்டில், பின் சீட்டு என்று இருந்த அந்த ஒரு வரியைத்தான் எங்கள் லோயர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு கோர்ட்டுத் தவணைக்கும் அப்பா முதல் நாளே சாப்பிடுவதை விட்டுவிடுகிறார்.

பிணையில் வந்த அன்று பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பசறை தாண்டியதும் சொன்னான்: "அத்தன பேரு முன்னால நீ அப்புடி சொல்லியிருக்க வேணாம்."

"சொல்லலன்னா கையெழுத்துப் போட்டிருப்ப."

"போட்டுத்தான் இருப்பேன்," என்றான். பிறகு, "ஸ்டாண்டுல யாருகிட்டயும் சொல்லிறாத," என்றான்.