எங்கள் பீட்சாக் கடையின் பிள்ளைகள்

பீட்சாக் கடைக்கு மனிதர்கள் பசியோடு வருகிறார்கள் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையேகூட நிலவுகிறது. இது எவ்வளவு பாரதூரமான பிழை என்பதை இனியும் மூடி மறைப்பது முறையாகாது. பதுளையில் பசித்தவர் சோறு சாப்பிடுகிறார். கொஞ்சமாகப் பசித்தவர் கொத்துரொட்டி சாப்பிடுகிறார். பீட்சாக் கடைக்கு வருகிறவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார். வந்து, வாசலில் நின்று, பயப்படுகிறார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று பயம். செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று பயம். பெயர் தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கி, அது வாய்க்குள் போகாவிட்டால் எங்கே துப்புவது என்று பயம். அவர்களுக்குத் தைரியம் சொல்வது பரிமாறுகிறவனின் வேலை. பரிமாறுகிறவனே பயந்து செத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதை எந்த முதலாளியும் சொல்லித் தருவதில்லை. தட்டு தூக்கிப் பிழைக்கும் தோழர்களே, உங்களுக்குப் புரியும்.

கத்தி வரைக்கும்

எங்கள் கடை பதுளையிலிருந்து பசறைப் பக்கம் ஏறும் வீதியில் இருக்கிறது. சின்னக் கடை. நாலு குடும்பம் வந்துவிட்டால் முழங்கையோடு முழங்கை முட்டும். அதைத்தான் வெளிப் பலகையில் 'வீடு போன்ற சூழல்' என்று போட்டிருக்கிறோம். முன்னால் மேசைகள், பின்னால் சமையலறை, அதில் விறகு போடும் செங்கல் அடுப்பு, அதற்கும் பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் தேயிலை மலை. முதலாளி நசீர் நானா. நான் டியூட்டரியில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தவன். பிள்ளைகள் எல்லாரும் போனில் படிக்கப் போய்விட்டதால் இங்கே வந்து சேர்ந்தேன். இங்கேயும் நான் எல்லோருக்கும் மாஸ்டர்தான்.

ஒரு நாள் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவன்தான் அப்பாவைக் கூட்டி வந்தான். தட்டின் இரண்டு பக்கமும் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்தேன். வைத்ததும் அப்பாவின் இரண்டு கையும் மேசைக்கு அடியில் போய்விட்டன. கையாலேயே சாப்பிடலாம், இந்தச் சாமான் பிறந்த ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகன் வெட்டி வெட்டி அவர் பக்கம் தள்ளினான். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்:

"எங்கப்பா தொரை பங்களாவுல வாசப்படி வரைக்கும்தான் போனாரு தம்பி. நான் மேசை வரைக்கும் வந்துட்டேன். கத்தி வரைக்கும் இவன் போகட்டும்."

தலையைக் குனிந்து

எங்கள் சமையல்காரி ராணிக்கு இந்த மாதிரிப் பயம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அது பெரியது.

ராணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். மலையில் ஒரு நாள் குளவி கலைந்து வந்து கொட்டியது. மற்றவர்களுக்கு வீங்கி வடிந்தது. இவளுக்கு மூச்சே அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு கொட்டு வாங்கினால், இங்கே வந்து சேரும்வரை உயிர் இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது. அவள் கொழுந்துக் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தாள். எங்கள் பழைய பேக்கர் எல்ல என்கிற சுற்றுலா ஊருக்கு, வெள்ளைக்காரர்களுக்குச் சுட்டுப்போட, போய்விட்டிருந்த நேரம் அது. விடியற்காலையில் எழுந்து ரொட்டிக்கு மா பிசைந்தே பழகிய கைக்கு பீட்சா பிடிபட நாளாகவில்லை. பள்ளியில் உயர்தர வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி, அவளுக்காகத்தான் எல்லாம்.

அடுப்புக்கு முன்னால் வேகிறாயே, கஷ்டமாக இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். நீளத் துடுப்பால் பீட்சாவைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னாள்:

"மலையில நிமிர்ந்து மரத்தப் பார்த்துப் பார்த்துத்தான் கொழுந்து எடுப்பேன் மாஸ்டர். இங்க வந்துதான் தலையக் குனிஞ்சு நிம்மதியா வேலை செய்றேன்."

ளகரமும் ழகரமும்

குளவிக் கூட்டை முதலில் கண்டவர்கள் ஒரு காதல் ஜோடி. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், வேறு மேசை கிடைக்குமா என்று கேட்டாள். கடைக்குப் பின்னால், தோட்டத்து எல்லையில் நிற்கும் டர்பன்டைன் மரத்தில், கவிழ்த்த பானையைப் போல ஒன்று தொங்கியது. பானையின் மேல் ஏதோ ஊர்ந்தது.

கூடு கலைக்கிற ஆள் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் மரத்துக்குப் பத்தடி முன்பாகவே நின்றுவிட்டார். உயரம் அதிகம், காற்றும் அதிகம், தீ வைத்தால் மிச்சமிருப்பது நேரே கடைக்குள்தான் வரும்; மழைக்காலம் முடிந்தால் தானாகக் காலியாகும், அதுவரை சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராணி பின்கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஒரு மா மூட்டையை இழுத்து முட்டுக் கொடுத்தாள். அன்றைய மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றோம். இங்கேயிருந்து ஓடி எங்கே போவது, திரும்பவும் மலைக்கா என்று கேட்டாள்.

நானா தன் பங்குக்கு ஒரு பலகையில் எழுதி மாட்டினார்: 'பின்பக்கம் போக வேண்டாம். குழவி உண்டு.' எவ்வளவு பயத்திலும் என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கொட்டுவது குளவி, அதற்கு ளகரம். ழகரம் போட்டால் அம்மியில் அரைக்கிற கல், அல்லது பழைய நூல்களில் கைக்குழந்தை. 'பின்பக்கம் போக வேண்டாம், குழந்தை உண்டு' என்றல்லவா பொருள் வருகிறது என்று விளக்கினேன். நானா என் விளக்கத்தைக் கடைசிவரை கேட்டார். பலகையைக் கழற்றினார். வாடிக்கைக்காரர்கள் ஓடிவிடுவார்களே என்றுதான் அவருக்குக் கவலை. அந்தக் கவலை சட்டென்று தீர்ந்துவிட்டது போல அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப இனி கடைக்குள்ள யாரும் குளவின்ட பேச்சே எடுக்க வேணாம் மாஸ்டர். புள்ளைங்கன்னே செல்லுவோம். புள்ளைன்னு செல்லிட்டா யாரு பயப்படப் போற?"

தூங்குகிறார்கள்

அன்று முதல் எங்கள் கடையில் பிள்ளைகள் குடியேறினார்கள். காலையில் கடையைத் திறந்ததும் ராணி கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைங்க தூங்குறாங்களா என்பதுதான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, தூங்குகிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அடுப்பில் தீ வைப்பாள். சமையலறையில் சட்டி விழுந்தால் மூன்று பேரும் அப்படியே நிற்போம். வாயில் விரலை வைத்து, பிள்ளைங்க, பிள்ளைங்க என்று நானா கிசுகிசுப்பார். காற்று பலமாக அடித்த ஒரு பின்னேரம் கூடு ஊஞ்சல் மாதிரி ஆடியது. ராணி துடுப்பைப் பிடித்தபடி சுவரோடு சுவராக நின்றாள். அவள் நெற்றியில் வழிந்தது அடுப்பு வேர்வை இல்லை என்று எனக்குத் தெரியும்.

வாடிக்கைக்காரர்களுக்கோ இது மிகவும் பிடித்துப் போயிற்று. அவர்களும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வெலிமடையிலிருந்து மரக்கறி லொறியோடு வருகிற ஒரு முதலாளியின் மனைவி, பின்னால் யாருக்கோ இரட்டைப் பிள்ளைகள் இருப்பதாகவே முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது? போகும்போது பின்கதவுப் பக்கம் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு சத்தம் இல்லாம வளர்த்திருக்கீங்க. எங்க வீட்டுல ஒன்ன வச்சுக்கிட்டே எங்களால முடியல."

பிள்ளைக் காம்பரா

தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்று ஓர் அறை உண்டு. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்கிறவரை ஆயம்மா என்பார்கள். அப்படி வாழ்நாள் முழுக்கப் பிள்ளை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆயம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு எங்கள் கடைக்கு வந்தார். நல்ல கனத்த உடம்பு, நல்ல கனத்த குரல். சீஸ் இழுபடுவதைப் பார்த்து, இது என்ன சவ்வா என்று கேட்டுவிட்டு, தைரியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். காய்ந்த கிளையொன்று முறிந்து கூட்டின் மேல் விழுந்தது. பானையைச் சுற்றி ஒரு கறுப்புப் புகை கிளம்பியது. புகை மேலே போகவில்லை. எங்கள் பக்கம் வந்தது. கூஜாவை வைத்துவிட்டு, நானாவைப் பார்த்து, பேசிவைத்தபடியே மெதுவாகச் சொன்னேன்: பிள்ளைங்க எழும்பிட்டாங்க. நானா முன்கதவுக்கு ஓடினார். நான் ஜன்னல்களுக்கு ஓடினேன்.

ஆயம்மாவும் எழுந்தார். அந்த வார்த்தை காதில் விழுந்தால் கால் தானாக எழுந்துகொள்கிற மனுஷி அவர். நாங்கள் கண்ணாடிகளைச் சாத்திக்கொண்டிருக்க, அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குள் போய்விட்டார். ராணி அடுப்புக்குள் துடுப்பை விட்டுப் பீட்சாவை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் சொன்னது கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மா மூட்டை நகரும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். ஆயம்மா, வந்துட்டேன்டா கண்ணு, வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தார்.

திறந்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது; அவரும் மலையில் இருந்தவர்தானே. காலால் கதவை உதைத்துச் சாத்தினார். ஆனால் முன்னால் வந்தவை உள்ளே வந்துவிட்டன. ராணி துடுப்பைப் பீட்சாவோடு கீழே போட்டுவிட்டுக் கல்லாக நின்றாள். ஆயம்மா மாவின் மேல் கிடந்த ஈரத்துணியை உருவி அவள் தலையில் போட்டு, அவளைப் பீட்சா சிதறிய தரையில் அமுக்கி, அவள் மேலேயே படுத்துவிட்டார். நாங்கள் ஈரச் சாக்கோடு ஓடிவந்து எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகுதான் எழுந்தார். ஒரு காது இரண்டு காதளவு வீங்கியிருந்தது. அதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்:

"எம்புட்டோ பிள்ளைய வளர்த்திருக்கேன் மாஸ்டர். இம்புட்டு வளர்ப்பு சரியில்லாத பிள்ளைங்கள இங்கதான் பாக்குறேன்."

வார்டில்

நாங்கள் சிரித்தோம். ராணி சிரிக்கவில்லை. கழுத்தின் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்தியபடி இருந்தாள். கையை எடுத்துப் பார்த்தேன். சிவந்து, நடுவில் ஒரு புள்ளி.

நானா தன் த்ரீவீல் ஆட்டோவை ஓட்டிய ஓட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ராணிக்கு மூச்சு இழுத்தது. இழுத்துக்கொண்டே என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள்: மகளுக்கு இங்கிலிஷ் வராது, நீங்கதான் பார்த்துக்கணும்; கல்யாணத்தை அவசரப்படுத்த விடாதீங்க; மலைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் நின்று, தொண்டை திறந்திருக்கிறதா என்று எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். ழகரத்துக்கு விளக்கம் சொன்ன வாயால் சரி, சரி என்று மட்டும் சொன்னேன். மறுபக்கம் ஆயம்மா, அழாதடி, மூச்சை எண்ணி விடு என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் குளவி என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னேன். உடனே உள்ளே விட்டார்கள். டாக்டர் இளம்பெண், சிங்களப் பிள்ளை. தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். பிறகு கழுத்துக்குக் குனிந்து, சின்ன இடுக்கியால் எதையோ மெதுவாகப் பிடித்து இழுத்தார். அது நூல் மாதிரி நீண்டு வந்தது. ராணி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் தட்டி, டாக்டர் சொன்னார்:

"பயம் வேணாம் அம்மா. இது குளவி இல்ல. சீஸ்."

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆயம்மாதான் முதலில் அழுதார்.

எதையும் அதன் பெயரைச் சொல்லியே கூப்பிடுவதுதான் பாதுகாப்பு என்பது, பீட்சாக் கடையில் இத்தனை காலம் நின்று நான் கற்றுக்கொண்ட ஒரே இலக்கண விதி. மழை முடிந்ததும் கூடு தானாகக் காலியாகிவிட்டது. கைக்குழந்தையோடு வருகிறவர்களை நானா இப்போது வாசலை ஒட்டிய மேசையில், சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், உட்கார வைக்கிறார்.