சிவப்புப் பொட்டு வைத்த பட்டன்

அந்தக் கறுப்புப் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இரண்டு கைகளால் பிடித்து விளையாடும் வீடியோ கேம். நடுவில் திரை, இரு பக்கமும் பட்டன்கள். வலப்பக்கக் கீழ்ப் பட்டனில் என் நகப்பூச்சால் நான் வைத்த சிவப்புப் பொட்டு பாதி உரிந்துவிட்டது. கார் பந்தயம் ஓட்டுவதற்காக ஒரு கம்பெனி செய்து விற்ற அந்தப் பெட்டியில்தான் என் அப்பா கொஞ்ச காலம் பேசினார். அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை. எரிச்சல்தான் வருகிறது.

விவேக் நகரில் அப்பாவின் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. கோயில் திருவிழாவில் ஹவுஸி ஆட்டத்துக்கு எண்களைக் கூவுகிறவர் அவர்தான். மைக் பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அண்ணன் தன் கேம் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பெனி விற்கும் விளையாட்டைத் தவிர வேறு எந்த புரோகிராமையும் அந்தப் பெட்டி ஓட விடாது. ஆனால் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் அதன் பூட்டில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, தாங்கள் எழுதிய புரோகிராம்களை அதன் வழியே நுழைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹோம்ப்ரூ என்பான் அண்ணன். அவனும் ஒன்று எழுதினான். பட்டனை அழுத்தினால் அப்பாவின் குரல் வரும். அவ்வளவுதான் அந்த புரோகிராம்.

ஆபரேஷனுக்கு முன்பு ஆஸ்பத்திரி கட்டிலிலேயே குரலைப் பதிவு செய்தோம். உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று நாங்கள் காத்திருக்க, அவர் தனக்குத் தேவையானதை மட்டும் சொன்னார். “ஆமா.” “வேணாம்.” “ஏம்மா, இங்க வா.” “எவன்டா அது கேட்டத் திறந்து போட்டது?” துணி தேய்க்கிறவர் கேட்டில் வந்து நின்றால் நாளைக்கு வரச் சொல்லக் கன்னடத்தில் “நாளே பன்னி.” “என் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடுங்களேன்” என்று அம்மா கேட்டதற்கு, “இத்தன வருசம் கூப்பிட்டதுக்கு வராமயா இருந்த?” என்றார். அதையும் அண்ணன் பதிவு செய்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெட்டி அவர் மடியை விட்டு இறங்கவில்லை. திரையைப் பார்க்கக் கண்ணாடி தேட வேண்டாமே என்றுதான் ‘ஆமா’ பட்டனில் நான் பொட்டு வைத்தேன். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அண்ணனும் நானும் சண்டை போட்டால் நடுவில் “வேணாம்” என்று அதட்டுவார், சிரித்துவிடுவோம். அண்ணன் மட்டும் எல்லோரையும் எச்சரித்துக்கொண்டே இருந்தான். “அப்டேட் பண்ணட்டுமான்னு அது கேட்டா ஓகே குடுக்காதீங்க. குடுத்தா ஓட்டைய அடைச்சிடுவாங்க.”

திருவிழா அன்று மதியம் அக்காவின் வீட்டுக்காரர் புது கார் பந்தய டிஸ்க்கோடு வந்தார். சாப்பிட்டு முடித்துப் பெட்டியை சார்ஜரில் செருகி டிஸ்க்கைப் போட்டார். இந்த விளையாட்டு ஓட வேண்டுமானால் அப்டேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று திரையில் ஆங்கிலத்தில் கேள்வி வந்தது. “மச்சான்கிட்ட கேட்டுக்கலாம்” என்று பெட்டியை அப்படியே ஸ்டூலில் வைத்துவிட்டு, தேர் வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “என்னங்க, காப்பி போடட்டா?”

அப்பா கை நீட்டிச் சிவப்புப் பொட்டை அழுத்தினார். அந்தப் பெட்டிக்கும் ஓகே என்பது அதே பட்டன்தான்.

நான் பார்க்கும்போது திரையில் ஒரு கோடு பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அண்ணன் ஓடி வந்தான். “போச்சு, பாப்பா. நடுவுல நிறுத்தினா பொட்டியே செத்துடும்.” அப்பா இன்னும் பொட்டை அழுத்திக்கொண்டே இருந்தார், ஏன் சத்தம் வரவில்லை என்று எங்களைப் பார்த்தபடி.

பழையபடி மாற்றித் தரக் கேட்டு அண்ணன் கம்பெனிக்கு எழுதினான். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இந்த மாற்றம் என்று பதில் வந்தது. யாரிடமிருந்து என்ன பாதுகாப்போ! குரல் பதிவுகள் அழியவில்லை. அவற்றைப் பெட்டியின் பாட்டுப் பட்டியலில் போட்டுக் கொடுத்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டும். துணி தேய்க்கிறவர் தெருமுனை திரும்பிய பிறகு “நாளே பன்னி” என்று வரும். தாமதமாகப் பதில் சொல்கிறவரிடம் யார் கேள்வி கேட்பார்கள்? வீட்டுக்கு வந்தவர்கள் அப்பாவின் எதிரிலேயே அம்மாவிடம் கேட்டார்கள், “அவரு சாப்பிட்டாரா?” ஒரு நாள் அவரே பெட்டியை அலமாரியில் வைத்து மூடினார். புது வெர்ஷனிலும் எவனோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டான் என்று அண்ணன் வந்து சொன்னபோது, அப்பா இறந்து வருஷப் பூசையும் முடிந்திருந்தது.

இப்போது என் போனும் அடிக்கடி கேட்கிறது, அப்டேட் செய்யட்டுமா என்று. ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பதில்தான் கொடுக்கிறார்கள். ‘வேணாம்’ என்று சொல்ல இடமில்லை. அப்போதெல்லாம் அலமாரியைத் திறந்து அந்த உரிந்த பொட்டைப் பார்ப்பேன். அப்பா கடைசியாக உடனுக்குடன் சொன்ன ‘ஆமா’ அம்மாவுக்குச் சொன்னது. பெட்டி அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அடுப்படிக்குச் சத்தம் எதுவும் கேட்காததால், வேண்டாம் போலிருக்கிறது என்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.