கொழும்பு வழி டிக்கெட்

"அது நேத்து வெல பாய். இன்னைக்கு வெல இன்னா, அத்த சொல்லு." ஜெகபர் சாதிக் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டுகிறார். மறுமுனையில் சென்னை மண்ணடி டிக்கெட் ஏஜெண்ட் என்னவோ இழுக்கிறான். "டைரக்ட்டா? டைரக்ட்ட உன் மாமனாருக்குப் போட்டுக் குடு. என் ஆளு மஸ்கட்ல எறங்கி ஏறிக்குவான். அவனுக்கு இன்னா, காலு இல்லியா?" எதிரே பெஞ்சில் இருப்பவரைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல் வேறு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்தில் அன்றாடம் நடக்கிற கூத்து இது.

மனுஷர் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. மீனம்பாக்கத்துக்கு உள்ளேகூடப் போனதில்லை. மகன் இம்ரான் முதன்முதலாக சவுதியில் தம்மாமுக்குக் கிளம்பியபோது, உள்ளே போய் வழியனுப்ப ஆளுக்கொரு சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். "மூஞ்ச பாக்கறதுக்கு டிக்கெட்டா? நல்லா கீதே கத!" என்று மனைவி உம்முல் குல்சுமை வாசல் கம்பிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் கம்பி வழியாகக் கையாட்டினாள். பிள்ளை திரும்பிப் பார்த்தானோ இல்லையோ, கூட்டத்தில் தெரியவில்லை.

ஆனால் அரபு நாட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருவதில் ஆள் கெட்டி. மலையாளிகள் லீவுக்கு ஊர் திரும்புகிற மாதம் சீசன், விலை ஏறிக் கிடக்கும்; அப்போது யாரையும் வரவிட மாட்டார். பெட்டி கனத்தால் அரிசி மண்டித் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகச் சொல்வார். "வெயிட்டு ஒடம்புல கீதா, பொட்டில கீதான்னு எவனும் கேக்க மாட்டான்." விலை இறங்கினால் அவருடைய கமிஷனும் இறங்கும். அது தெரிந்தேதான் இறக்குவார். சிலருக்குச் சீட்டாட்டம், இவருக்கு இது. அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய டிக்கெட்டுகளை, சிவப்புக் கார்பன் மை அப்பியபடியே, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகச் செருகி வைத்திருக்கிறார். பெஞ்சில் காத்திருப்பவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள். அவருக்கு அதில் அப்படி ஒரு குளிர்ச்சி.

சாவு விழுந்த வீட்டுக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. மானாம்பதியில் ஏர், நாற்று, அறுப்பு என்று கூலிக்குப் போகிற செங்கேணி, அப்பன் செத்த அன்று அலங்கோலமாக பூத்துக்கு ஓடி வந்தான். அவன் மகன் கலைச்செல்வன் ஷார்ஜாவில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். தாத்தாவைப் பார்க்க உடனே கிளம்புகிறேன் என்று துடிக்கிறானாம்.

"பொணம் உன் புள்ளைக்காகக் குந்திக்கினு இருக்குமா?" என்றார் ஜெகபர் பாய். "எங்க ஆளுங்களுக்கும் இதான் சொல்றேன். மய்யத்துக்கு வராத, நாப்பதாம் ஃபாத்திஹாவுக்கு வா. உங்களுக்குக் கருமாதி. வெல பாதி. எப்படியும் மூஞ்ச பாக்க முடியாது, அதுக்கு எதுக்கு டைரக்ட்டு?"

செங்கேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து பாய் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

போன ஆகஸ்டில் உம்முல் குல்சுமுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிட்னி போச்சு என்றார்கள். புள்ளைங்க இருந்தா வரச் சொல்லுங்க என்று டாக்டர் சொன்னதை பாய் சரியாகத்தான் காதில் வாங்கினார். இம்ரானே போன் செய்தான். "அத்தா, இன்னைக்கு நைட்டு டைரக்ட்ல ஒரு சீட்டு கீது. வெலதான் ஜாஸ்தி. போட்டுடட்டுமா?"

மகனுடைய காசு. அவன் கேட்டதும் அனுமதிதான். சரி என்று ஒரு வார்த்தை போதும். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவசரப்படாத. சீசன் வுட்டுடும். பத்து நாள் பொறு, நான் போட்டுத் தரேன்."

கட்டிலில் கிடந்தவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்ரான் எப்ப வரான்?" என்று கேட்பாள். "வந்துகினே கீறான், டிக்கெட் போட்டாச்சி" என்பார் இவர். ஒருநாள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சீப்பாத்தானே போட்டுகீறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். குத்திக் காட்டினாளா, ஆறுதல் சொன்னாளா, இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பத்து நாள் முடியுமுன்பே, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். விலை இன்னும் இறங்கவில்லை.

மய்யத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாய் நேராக பூத்துக்குத்தான் நடந்தார். எந்த விலையானாலும் ஏறி வந்துடுடா என்று சொல்லத்தான் நம்பரைச் சுழற்றினார். இம்ரானுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. அவன் அழுது முடித்த குரலில், நிதானமாக, கோபமே இல்லாமல் சொன்னான்: "இப்ப கெளம்புனாலும் அசர் தொழுகைக்குள்ள அடக்கிடுவீங்க அத்தா. எப்படியும் மூஞ்ச பாக்க முடியாது. நாப்பதாம் ஃபாத்திஹாவுக்கு வரேன். கொழும்பு வழியா சல்லிசா கீது."

ஐயோ, அவன் திட்டியிருக்கக் கூடாதா! நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாய் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார். இவரோ "ம்" என்றார். பழக்கதோஷம், கண் மீட்டரில் ஓடுகிற சிவப்பு எண்களைப் பார்த்தது.

சொன்னபடியே வந்தான். ஓதி முடித்து, சோறு போட்டு, கபர்ஸ்தானில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். போகும்போது, வந்த டிக்கெட்டின் தாளை பூத்து மேஜையில் வைத்தான். "எல்லாத்தவிட இதான் கம்மி அத்தா" என்றான். பாய் கண்ணாடியைத் தூக்கி அதையும் உள்ளே செருகினார். வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

போன வாரம் செங்கேணி வந்தான். அவன் பெண்சாதி சிட்டம்மாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நெஞ்சில் நீர் கோத்துவிட்டதாம்.

"புள்ள உடனே வரேன்னான் பாய். நான்தான், சீசன் முடியட்டும்டா, பாய் சொன்னது நாபகம் இல்லியான்னு கேட்டேன்" என்றான். முகத்தில் ஒரு பெருமை.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பையன வரச் சொல்லுன்னாரு. அவருக்கு இன்னா, சொல்லுவாரு."

பாய் போனை எடுத்தார். மண்ணடியைக் கூப்பிட்டு, ஷார்ஜாவிலிருந்து நாளைக்கு ஒரு சீட்டு, டைரக்ட்டு என்று கேட்டார். விலையைக் கேட்டு, பேரம் பேசாமல் செங்கேணியிடம் சொன்னார். செங்கேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மாடி! டைரக்ட்டா? நீங்களா பாய் சொல்றீங்க?"

"போடச் சொல்லு. என் பேச்சக் கேளு."

செங்கேணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தான். "பாய்க்கும் கமிஷன் ஆச வந்துடுச்சா?"

"எனக்குக் கமிஷனே வாணாம் செங்கேணி. நீ போடச் சொல்லு."

"வாணாம்னா வெல எறங்கிடுமா? எங்கப்பன் செத்தப்ப நீங்கதானே புத்தி சொன்னீங்க. அது மாறுமா? சீசன் வுட்டதும் வரேன், நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவன், கண்ணாடி மேல் குனிந்தான். "இது யாருது பாய், புச்சா கீது? இதுல எவ்ளோ மிச்சம்?"

ஜெகபர் பாய் கால்குலேட்டரை இழுத்து, இம்ரானின் டிக்கெட் மறையும்படி கண்ணாடி மேல் வைத்தார்.