அமாவாசையன்று கேட்ட தறிச் சத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை அமாவாசையன்று ஆரணியில் நடந்தது இது. பட்டு நெய்யும் தெரு ஒன்றில் என் சிநேகிதியின் வீடு இருந்தது. அன்று அவளுடைய அக்காவின் கைக்குழந்தையை எங்கள் இருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, வீட்டார் எல்லாரும் வேண்டுதலுக்காகப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது அந்தக் குழந்தை உயிரோடு இருந்ததே பெரிய பாக்கியம்.

நான் போளூர்க்காரி. பி.ஏ. முடித்துவிட்டு, பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஆரணிக்கும் போளூருக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். சிநேகிதியும் அதே பரீட்சைக்குத்தான் படித்தாள். கணக்கில் நாங்கள் புலி. ஆங்கிலம்தான் எங்களுக்கு எமன். அதிலும் இந்த இரட்டை வார்த்தை வினைச்சொற்கள் இருக்கின்றனவே, அப்பப்பா! தனித்தனியாகப் பார்த்தால் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த இரண்டு சொற்கள். சேர்ந்துவிட்டால் ஒரு இடத்தில் ஒரு அர்த்தம், இன்னொரு இடத்தில் வேறு அர்த்தம் என்று ஆளைப் பைத்தியமாக அடிக்கும்.

அதற்கு நாங்களே ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தோம். ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல். ஆளுக்கொரு வாக்கியமாக மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். முடிந்தவரை அந்த அறையில் கண்ணில் படுவதை வைத்தே சொல்ல வேண்டும். யார் திணறுகிறாளோ அவள் டீ போட வேண்டும். பெரும்பாலும் நான்தான் போட்டேன், அது வேறு கதை.

அன்றைய வினைச்சொல்லை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தவரே அவளுடைய அப்பாதான், அவருக்குத் தெரியாமலே. ஒரு வாரமாக விடாத மழை. தறியில் கட்டியிருந்த பட்டுப் பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், ஈரம் இழுத்துவிட்டது. அமாவாசையில் தறியில் உட்காரமாட்டார்கள். அந்தத் தெருவிலேயே ஒரு தறியும் ஓடாது. மறுநாள் காலையில் அவர் உட்கார வேண்டும். அதனால் தறிக்குழிக்குப் பக்கத்தில், பாவுக்குக் கீழே, ஒரு பெரிய மண்சட்டி நிறையக் கரி நெருப்பைப் போட்டு வைத்திருந்தார். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள். கிளம்பும்போது மகளிடம் சொன்னார், "நெருப்ப மட்டும் அணைய வுட்டுடாதம்மா. பாவு நமுத்துப் போச்சின்னா நாளைக்கி இழ இழயா அறுந்துகினு நிக்கும்."

அவளுடைய அம்மா தன் பங்குக்கு, "கொழந்தைக்கு சளி கட்டிகினு இருக்குது. கதவத் தொறந்து போட்டுகினு ஊர்க்கத பேசாதீங்க" என்று எங்கள் இருவரையும் சேர்த்தே ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். நாங்களும் கதவைத் தாழ் போட்டோம். சாரல் அடிக்காமல் ஜன்னலுக்குக் கோணி தொங்கவிட்டோம். கரண்ட் வேறு போய்விட்டது. பட்டப்பகலிலேயே அறை இருட்டிக்கொண்டு வர, அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தோம். குழந்தை தூளியில் தூங்கியது.

நெருப்பு அணையக் கூடாது என்று அவர் சொன்னாரே, அதையே பிடித்துக்கொண்டோம். அணைவதற்கு ஆங்கிலத்தில் 'கோ அவுட்'. வெளியே போனாலும் கோ அவுட். கடல் உள்வாங்கினாலும் கோ அவுட். ஒரு மோஸ்தர் பழசாகிப் போனாலும் கோ அவுட். விளையாட்டுப் போட்டியில் தோற்று வெளியேறினாலும் அதுவே. ஒருத்தர் துயரத்தைக் கண்டு நம் மனசு அவர்மேல் இரங்கினால்கூட, நம் இதயம் கோ அவுட் ஆகிறதாம். இதைக் கேட்டுவிட்டு, "இதயம் வெளிய போயிட்டா அப்புறம் ஆளு எங்க இருக்கும்?" என்றாள் சிநேகிதி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்றென்று தெரியவில்லை. எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் என்று நினைத்தேன். சிநேகிதி நடுநடுவே எழுந்து சட்டியில் கரி போட்டு ஊதிவிட்டு வந்தாள். அப்பா பேச்சை அவ்வளவு கருத்தாகக் காப்பாற்றினாள், பாவம்.

நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அவள், "தி லாம்ப் வென்ட் அவுட்" என்றாள். விளக்கு அணைந்துவிட்டதாம். சரி என்று நான் இன்னொன்று சொன்னேன். அவள் மறுபடி, "தி லாம்ப் வென்ட் அவுட்" என்றாள். "ஏய், இத இப்பத்தானடி சொன்ன?" என்றேன். அவள் என்னைப் பார்த்தபடியே, அதே குரலில், அதே வேகத்தில், "தி லாம்ப் வென்ட் அவுட்" என்றாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் வெளிச்சம் அவள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கேலி செய்கிறாள் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை. அவளே அங்கே இல்லாத மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தறி ஓடும் சத்தம்.

எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. ஆரணியில் தறிச் சத்தம் கேட்காவிட்டால்தானே ஆச்சரியம்! வெளியூர்க்காரியான நான் அதைக் காதில் வாங்கியபடி அங்கேயே உட்கார்ந்திருப்பேன். "பக்கத்து வூட்டுல நெய்யறாங்க போல" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் தூக்கம் கலைந்தவளைப் போல நிமிர்ந்தாள். "இன்னிக்கி அமாவாசடி. எவன் தறியில உக்காருவான்?"

இருவரும் காது கொடுத்துக் கேட்டோம். எங்கள் எதிரே இருந்த தறி அசையாமல் கிடந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஒரு அடி வலுவாக, அடுத்த அடி மெலிதாக. மறுபடி வலுவாக, மறுபடி மெலிதாக. சிநேகிதியின் முகம் வெளுத்துப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. "இது மாமா அடிடி" என்றாள்.

பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பியிருந்தது. தறியின் இரண்டு மிதிகட்டைகளில் ஒன்றை அழுத்தி மிதிப்பார், மற்றதை லேசாக. அதனால் அவர் தறி மட்டும் நொண்டியடித்துக்கொண்டு ஓடும். தெருக்கோடியில் நின்றே இது அவர் தறி என்று சொல்லிவிடலாமாம். அந்த மாமா செத்துப்போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பயம் வந்தது எனக்கு. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் சுபாவம் ஒன்று உண்டு. பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். பேயாவது பிசாசாவது, யாரோ விஷமம் பண்ணுகிறார்கள், போய் நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று எழுந்தேன். எழுந்தால் கால் தரையில் பாவவில்லை. பஞ்சு மூட்டையின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது. சிநேகிதி உட்கார்ந்த இடத்திலிருந்தே என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "தொறக்காதடி... செத்தவங்க கூப்பிட்டா போகக்கூடாதுடி... தொறக்காத" என்று கெஞ்சினாள். அவளிடமிருந்து புடவையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். என் தோள் தூளியில் இடித்தது. தூளி வேகமாக ஆடியது. குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

எட்டிப் பார்த்தேன். பால் குடிக்கும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. காதைக் கிழிக்கிற மாதிரி அழவேண்டிய குழந்தை அது. அள்ளி எடுத்தேன். தலை என் கையிலிருந்து தொங்கியது. அந்த நிமிஷம் எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மாமா, தறி, அமாவாசை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, தாழ்ப்பாளைத் தேடித் தேடி ஒரு வழியாகத் தள்ளினேன். கதவு திறந்ததும் மழைக்காற்று முகத்தில் அறைந்தது. அப்படியே வாசல் சேற்றில் மண்டிபோட்டு விழுந்தேன். தெருவில் விழுந்து கிடந்தபோதும் அந்தத் தறி என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை, அதாவது அந்த மாமாவின் மனைவி, "அய்யோ, இன்னாடி ஆச்சி?" என்று ஓடி வந்தார். குழந்தையை நீட்டினேன். பிறகு உள்ளே கையைக் காட்டினேன். குழந்தையை என் மடியிலேயே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தவர், சிநேகிதியைத் தோளைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து வாசலில் கிடத்தினார். அவள் மயங்கிப் போயிருந்தாள். மறுபடி குழந்தையை வாங்கிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிப் பிடித்தார். மழைத்தண்ணீரை ஏந்தி அதன் நெற்றியில் தெளித்தார், முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைத் தட்டினார். "அழுடா கண்ணு, அழுடா என் ராஜா" என்று அவரே அழுதார். நான் சேற்றில் உட்கார்ந்து குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

குழந்தை அழுதது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

ரிக்‌ஷா வைத்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிநேகிதி அங்கே போய்த்தான் கண் விழித்தாள். டாக்டர் விசாரித்தார். மூடிய அறையில் கரி நெருப்பு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு அதிலிருந்து வருமாம். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் மூன்று பேரும் தூக்கத்திலேயே போயிருப்போமாம். சாயங்காலம் வந்து சேர்ந்த சிநேகிதியின் அப்பா, "வருஷா வருஷம் இப்பிடித்தானே சார் வெக்கிறோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வருஷம்தான் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் ஓட்டின் இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்த வாயு, போக வழியில்லாமல் எங்கள்மேல் இறங்கியிருக்கிறது.

தறிச் சத்தத்தைப் பற்றியும் கேட்டேன். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "தறியும் இல்லம்மா, பேயும் இல்ல. உங்க ரத்த ஓட்டம் காதுல அடிச்சிருக்கு. இதயம் அப்படித்தான் துடிக்கும், ஒண்ணு பலமா, ஒண்ணு மெதுவா" என்றார். இருவருக்கும் எப்படி ஒரே மாதிரி கேட்டது என்றேன். "உன் சிநேகிதி மாமா அடின்னு சொன்னா, உனக்கும் அப்படியே கேட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது போதும்போலவும் இருந்தது, போதாததுபோலவும் இருந்தது.

அடுத்த வாரம் குழந்தையைப் பார்க்கப் போனேன். அது தவழ்ந்து வந்து என் கைப்பையைக் கடித்தது. கிளம்பும்போது பக்கத்து வீட்டு அத்தை வாசலில் என்னை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அன்னிக்கி நீ கேட்டது அவரு அடியாம்மா?" என்றார். காரியம் முடிந்த மறுநாளே, அந்த அமாவாசைக்கு முன்னாலேயே, மாமாவின் மச்சினர் வந்து தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "தெனம் அந்த செவுத்துல காத வெச்சிகினு படுத்துக்கறேன். எனக்கு ஒரு வாட்டிகூட கேக்கலியே. உங்களுக்கு மட்டும் கேட்டுச்சே" என்றார். முகத்தில் பயமே இல்லை. பொறாமை மாதிரி ஒன்றுதான் இருந்தது.

டாக்டர் சொன்ன விளக்கம் என் நாக்கு நுனியில் இருந்தது. யாரிடமும் வாதாடித் தோற்காதவள் நான். ஆனால் அந்தக் கைதான் குழந்தையின் உள்ளங்காலைத் தட்டி அழவைத்த கை. அதைப் பிடித்துக்கொண்டு, "அவரு அடிதான் அத்தை. நல்லாவே கேட்டுச்சு" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார். நான் சொன்னது மெய்யா பொய்யா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஆனால் செத்தவர்களின் சத்தம் கேட்டது என்று யாராவது சொன்னால், தறியே இல்லாத சுவரில் காதை வைத்துக் கேட்டுக் கிடந்த அந்த அத்தைதான் ஞாபகத்துக்கு வருகிறார், அப்புறம் எனக்கு வாதாட வாய் வருவதில்லை.